சந்திரபாபுவின் குரலும் கன்சோல் எமுலேஷன் வைக்கும் இடமும்

கன்சோல் எமுலேஷன் என்பது பழைய ஒலிக்கலவை மேசைகளின் மின்சுற்று ஒலியில் உண்டாக்கிய சிறு மாற்றங்களைக் கணினியில் போலச்செய்யும் மென்பொருள். அதைத் தடத்தின் தொடக்கத்தில் வைப்பதா, முடிவில் வைப்பதா, எல்லாத் தடங்களும் சேரும் இடத்தில் வைப்பதா என்பது ஒலிக்கலவை பயில்வோரிடம் அடிக்கடி எழும் கேள்வி. மேசைக்குள் ஒலி போன வழியைப் பார்த்தால் விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். தூத்துக்குடி தந்த பாடகர் ஜே. பி. சந்திரபாபுவின் பாடல்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஒரே மேசை

சந்திரபாபு 1927இல் முத்துக்குளித்துறையின் பரதவர் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை ரோட்ரிக்ஸ் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். அதனால் குடும்பம் கொழும்பு செல்ல நேர்ந்தது. பின்னர் சென்னை வந்து நடிகரானார். தமிழ்த் திரைப்பாட்டில் யோடலிங் பாணியைப் பரவச் செய்தவர் அவரே. இயல்பான குரலிலிருந்து பொய்க்குரலுக்கு நொடியில் தாவும் பாணி அது. ஒலியளவும் அதனுடன் சேர்ந்து தாவும் என்பதால் ஒலிப்பதிவாளருக்கு எளிதான குரல் அல்ல.

ஏவி.எம். தயாரித்த 'சகோதரி' (1959), 'அன்னை' (1962) ஆகிய படங்களின் காலத்தில் பாடகரும் வாத்தியக் குழுவும் சேர்ந்தே ஒலிப்பதிவு செய்வது வழக்கம். சில மைக்குகள், ஒரு மேசை, ஒற்றைத் தடம். ஒவ்வொரு மைக்கின் ஒலியும் முதலில் தனக்குரிய பெருக்கியைக் கடக்கும், பிறகு பேடர், பிறகு எல்லாம் கூடும் இடத்தில் இன்னொரு பெருக்கி, அதன்பின் பதிவுக் கருவி. ஆகக் குரல் மேசையை இருமுறை சந்தித்தது: முதலில் தனியாக, அடுத்துக் கூட்டத்தோடு.

இரண்டும் ஒன்றல்ல. 200 ஹெர்ட்ஸ் ஒலி தனியாகப் பெருக்கியில் சற்றே சிதைந்தால் 400, 600 என அதன் மடங்குகளே பிறக்கும். அதே ஒலி 1000 ஹெர்ட்ஸ் வயலினோடு சேர்ந்து சென்றால் 800, 1200 ஆகியனவும் தோன்றும். அவை குரலுக்கும் சொந்தமல்ல, வயலினுக்கும் சொந்தமல்ல. இரண்டும் கூடியதால் வந்தவை. பழைய பாட்டில் குரலும் வாத்தியமும் ஒட்டிக் கேட்பதற்கு ஒரே அறையில் சேர்ந்து பாடியது முதற்காரணம். இது இரண்டாவது.

கணினிக்குள்

கணினியில் தடங்கள் வெறும் கூட்டல் கணக்காகவே சேர்கின்றன. அந்தக் குறையை நிரப்பவே 2011 அளவில் ஸ்லேட் டிஜிட்டலின் விசிசி, வேவ்ஸின் என்எல்எஸ் போன்றவை வந்தன. என்எல்எஸ் மூன்று மேசைகளைப் பின்பற்றுகிறது. அவற்றுள் ஒன்று, பீட்டில்ஸ் குழுவின் 'அபே ரோடு' (1969) பதிவான இஎம்ஐ டிஜி வரிசையைச் சேர்ந்தது. இரு மென்பொருள்களும் தடத்துக்கு ஒன்று, கூட்டுத்தடத்துக்கு ஒன்று என இரு பகுதிகளாக இருப்பது மேலே கண்ட இருமுறைச் சந்திப்பால்தான்.

ஆகவே தடப்பகுதி ஈக்யூ, கம்ப்ரசர் ஆகியவற்றுக்கு முன்னும், கூட்டுப்பகுதி கூட்டுத்தடத்தின் தலையிலும் வருவது இயல்பு. ஈக்யூவில் கீழ்ச்சுரத்தை உயர்த்திய பின் எமுலேஷன் வைத்தால் அந்தக் கீழ்ச்சுரமே அதிகம் சிதையும். சிலர் அதை விரும்பியே செய்வர். கிறிஸ் ஜான்சனின் ஏர்விண்டோஸ் கன்சோல் இதற்கு மாறானது. அதன் தடப்பகுதி பேடருக்கும் பின்னால், கடைசியாக நிற்க வேண்டும். தடப்பகுதி வளைப்பதைக் கூட்டுப்பகுதி நேர்மாறாக நிமிர்த்துவதால் இடையில் வேறெதுவும் வரக்கூடாது.

பழைய பதிவுகள்

சந்திரபாபு காலத்து ஒற்றைத்தடப் பதிவில் இரு சந்திப்புகளும் ஏற்கெனவே உள்ளன. அதைச் சீரமைக்கும்போது 'பழைய நிறம்' வேண்டி மீண்டும் எமுலேஷன் இடுவது பூசிய சுவரில் மறுபூச்சு. தனித்தனித் தடங்கள் இல்லாததால் அன்றைய சமநிலைக்கு அந்தப் பதிவே சான்று. மறுபூச்சு பெற்ற படியே இணையத்தில் பரவினால், 1959இன் ஒலி என்று மாணவர் கேட்பது 2011இன் மென்பொருளாக இருக்கும். பழைய இசைத்துண்டின் மேல் புதுக்குரல் பாடிச் சேர்ப்போர் நிலை வேறு. அங்கே தடப்பகுதி புதுக்குரலுக்கு மட்டும் போதும். இரண்டும் கூடுமிடத்தில் கூட்டுப்பகுதியை மெல்லிதாக வைக்கலாம்.