ஆப்பிரிக்க மீன்குட்டைகளை அளந்த முறைகள்: அல்காம் திட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1950களின் இறுதியில் ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 3,00,000 மீன்குட்டைகள் இருந்ததாகக் கணக்குகள் சொல்கின்றன. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அவற்றில் மிகப் பெரும்பாலானவை தூர்ந்து புல் மண்டிப்போயின. அக்கண்டத்தின் மீன்வளர்ப்பு வரலாற்றை எழுதியவர்கள் பலரும் இந்த வீழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறார்கள். வீழ்ச்சிக்கான காரணங்கள் விரிவாகப் பேசப்பட்டுவிட்டன. அந்த 3,00,000 என்ற எண் எதை அளந்தது என்ற கேள்விதான் அவ்வளவாகக் கேட்கப்படவில்லை. எத்தனை குடும்பங்கள் மீன் உண்டன, எவ்வளவு விற்றன, யாருடைய உழைப்பு செலவானது என்பவற்றைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. வெட்டிய குழிகளை எண்ணி எழுதிய கணக்கு அது.

1986இல் தொடங்கி 1990களின் பிற்பகுதிவரை தென்னாப்பிரிக்கப் பிராந்திய நாடுகளில் இயங்கிய ‘அல்காம்’ என்ற திட்டத்தை மையமாக வைத்து, சிறு மீன்வளர்ப்பை மதிப்பிடும் அளவுகோல்கள் மாறி வந்த விதத்தை இக்கட்டுரை பின்தொடர்கிறது. குட்டைக்கு அதை வெட்டிய உழவர் வைத்த மதிப்பு ஒன்று. அதற்குப் பணம் தந்தவர் வைத்த மதிப்பு வேறொன்று. நெடுங்காலம் மதிப்பீட்டாளர்கள் இரண்டாவதை மட்டுமே அளந்தார்கள் என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

காலனியக் கணக்கு

ஆப்பிரிக்காவில் திலாப்பியாவைக் குட்டையில் வளர்க்கும் சோதனைகள் 1924இல் கென்யாவில் தொடங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெல்ஜியக் காங்கோ அதைப் பெருமுயற்சியாக எடுத்துக்கொண்டது. சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் உழைத்த தொழிலாளருக்கு மலிவான புரதம் வேண்டியிருந்தது. 1949இல் எலிசபெத்வில்லில், அதாவது இன்றைய லுபும்பாஷியில், மீன்வளர்ப்பு பற்றிய ஆங்கிலோ-பெல்ஜிய மாநாடு கூடியது. அருகிலிருந்த கிபோபோ ஆய்வு நிலையத்தின் முறைகள் அண்டை நாடுகளுக்கும் பரவின. காங்கோவின் பல பகுதிகளில் குட்டை வெட்டுவது உழவரின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கவில்லை. அதிகாரி வந்து எண்ணுவார் என்பதற்காகவே குட்டை வெட்டப்பட்டது. எண்ணும் அதிகாரி போனதும் குட்டையும் போனதில் வியப்பில்லை.

இதில் மீனின் இயல்புக்கும் பங்குண்டு. தமிழ்நாட்டுக் குளங்களில் ஜிலேபிக் கெண்டை என்று அறியப்படும் மீன் இந்தத் திலாப்பியா இனத்தைச் சேர்ந்தது. அதன் மொசாம்பிக் வகை 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. குட்டையில் விட்ட மூன்று நான்கு மாதங்களிலேயே, சரியான அளவுக்கு வளருமுன், அது இனப்பெருக்கத்தைத் தொடங்கிவிடும். ஆறாம் மாதம் பார்த்தால் குட்டை முழுவதும் விரல் நீளக் குஞ்சுகள் நிறைந்திருக்கும். இருக்கும் தீனியை எல்லாம் பங்குபோட்டுக்கொள்வதால் எதுவும் பெரிதாவதில்லை. நிபுணர்கள் இதை ‘குன்றிய வளர்ச்சி’ என்று குறித்து, தோல்வியின் முதன்மைக் காரணமாக எழுதினார்கள். உண்பவர் நிலையிலிருந்து பார்த்தால் இது வேறாகத் தெரிகிறது. களியோடு தொட்டுக்கொள்ளச் சிறு மீனையே காலங்காலமாகச் சமைத்துவந்த வீடுகள் அவை. சாம்பியாவிலும் மலாவியிலும் காய்ந்த சிறு மீனைச் சந்தையில் காசு கொடுத்தே வாங்குகிறார்கள். பெரிய மீன்தான் வெற்றி என்ற முடிவு ஆய்வு நிலையத்திலிருந்து வந்தது.

அரசு நிலையங்களின் காலம்

விடுதலைக்குப் பின் வந்த அரசுகள் அதே முறையை வேறு பெயர்களில் தொடர்ந்தன. கென்யாவில் 1960களில் ‘மீன் அதிகம் உண்ணுங்கள்’ இயக்கம் நடந்தது. அப்போது வெட்டப்பட்ட குட்டைகள் அடுத்த பத்தாண்டில் கைவிடப்பட்டன. 1970களில் ஐ.நா. உதவியுடன் குஞ்சு உற்பத்தி நிலையங்கள் எழும்பின. திட்டக் காலம் முடிந்ததும் அவற்றில் பலவற்றுக்கு மின்கட்டணம் கட்டவும், விரிவாக்க அலுவலரின் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போடவும் காசில்லாமல் போயிற்று.

இக்காலத்தில் தனித்து நிற்பது, ஜயர் என்று பெயர் மாறிய காங்கோவில் அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்கள் செய்த பணி. குட்டை வெட்டக் கூலி கொடுக்காமல், உழவர் தாமே மண்வெட்டியால் வெட்டினால் மட்டுமே விரலிகள், அதாவது வளர்ப்புக்கான விரல் நீள மீன்குஞ்சுகள், தருவது அவர்களின் நடைமுறை. 1980களில் கலம்பாயி பகுதியில் பணியாற்றிய மைக் டிட்வெல் தம் அனுபவத்தை நூலாக எழுதியிருக்கிறார். மாதக்கணக்கில் ஒற்றை ஆளாகக் குட்டை வெட்டித் தீனி போட்டு வளர்த்த உழவர் ஒருவர், முதல் அறுவடை நாளில் கரையில் திரண்ட உறவினருக்கும் ஊராருக்கும் மீனின் பெரும்பகுதியை அள்ளிக் கொடுத்துவிடுகிறார். விற்று முதலாக்க வேண்டியதை இப்படிக் கொடுத்துவிட்டாரே என்று தொண்டர் கலங்குகிறார். கையில் இருப்பதைப் பகிர்வதுதான் அந்த ஊரின் வாழ்வுக்கான காப்பு என்பது அவருக்குப் பிறகுதான் புரிகிறது. வருவாய் என்ற பத்தி மட்டும் உள்ள மதிப்பீட்டுப் படிவத்தில் அந்த அறுவடை ஏறக்குறைய சுழியாகவே பதிவாகியிருக்கும். எனக்கு இது இந்த வரலாற்றின் மிக முக்கியமான சான்றுகளுள் ஒன்றாகப் படுகிறது.

அல்காம்

‘உள்ளூர்ச் சமூக வளர்ச்சிக்கான மீன்வளர்ப்பு’ என்பது அல்காமின் முழுப் பெயர். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் அதை நடத்தியது; அடிப்படை நிதியை ஸ்வீடன் தந்தது. அதே நிறுவனமும் அதே ஸ்வீடனும் சேர்ந்து 1979 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாவின் சிறு மீனவருக்கான திட்டத்தை நடத்திவந்தன என்பதைத் தமிழ் வாசகர் நினைவில் கொள்ளலாம். பிற்காலத்தில் அல்காமின் தலைமையகம் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் இருந்தது. சாம்பியா, ஜிம்பாப்வே, மலாவி, மொசாம்பிக், தான்சானியா, போட்ஸ்வானா, லெசோத்தோ உள்ளிட்ட தென்னாப்பிரிக்க வளர்ச்சிச் சமூக நாடுகள் அதன் எல்லைக்குள் வந்தன.

முந்தைய தோல்விகளை அறிந்தவர்கள் வடிவமைத்த திட்டம் இது. பெரிய நிலையங்கள் கட்டவில்லை. சிறு முன்னோடிப் பணிகள் நடத்துவது, அங்கே கற்றதை அரசுகள் விரிவாக்குவது என்பது ஏற்பாடு. ‘மக்கள் ஏன் மீன் வளர்ப்பதில்லை’ என்பதையே ஆய்வுப் பொருளாக்கி, சமூகவியலாளரையும் பணியில் சேர்த்தது. சாம்பியாவின் கிழக்கு மாகாணத்தில் மீன்வளர்ப்பை ஏற்கத் தூண்டுபவை எவை, தடுப்பவை எவை என்று தனியாகவே ஆராய்ந்தது. இந்தத் துறையில் அதுவரை எந்தப் பிராந்தியத் திட்டமும் இவ்வளவு அக்கறையோடு கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. அல்காமைக் குறை சொல்பவர்களும் இந்தப் பெருமையை அதற்குத் தர வேண்டும்.

ஒரு சராசரிக் குட்டையை நெருங்கிப் பார்ப்போம். 200 சதுர மீட்டர் பரப்பு, இடுப்பளவுத் தண்ணீர். மூலையில் குச்சிகளை வரிசையாக நட்டு அடைத்த பட்டி. அதில் புல்லும் ஆட்டுச் சாணமும் போட்டு மக்கவைப்பார்கள். அந்தச் சாறு நீரில் கலந்து பாசியை வளர்க்கும். மக்காச்சோளத் தவிடு, மரவள்ளி இலை, கிடைத்தால் கறையான் ஆகியவை தீனி. இத்தகைய குட்டையில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஒன்றரை டன் விளைந்தால் நல்ல விளைச்சல். அந்தக் கணக்கில் இந்தக் குட்டை ஆண்டுக்கு 30 கிலோ தரும். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு ஐந்து கிலோ. ஜூன், ஜூலை குளிரில் தீனி எடுப்பது குறைந்து வளர்ச்சி மந்தமாகும். வறண்ட மாதங்களில் நீர் வற்றும். தவிட்டுக்குக் கோழியும் பன்றியும் போட்டியிடும். பஞ்ச காலத்தில் மனிதரும் போட்டியிடுவர். ‘உழவர் போதுமான தீனி போடுவதில்லை’ என்று அறிக்கைகள் திரும்பத் திரும்ப எழுதின. 30 கிலோவுக்காக எவ்வளவு தவிட்டையும் எத்தனை நடையையும் செலவிடலாம் என்று உழவர் போட்ட கணக்கு அந்த அறிக்கைகளில் இடம்பெறவில்லை.

இந்த இடைவெளியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது பிரிட்டன் அரசின் உதவியுடன் நடந்த ஓர் ஆய்வு. எலிசபெத் ஹாரிசனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1994இல் அதன் சுருக்க அறிக்கையை வெளியிட்டனர். குழுவில் இருந்த ஆர். எல். ஸ்டிராட் இலங்கைக் கரையோர மீனவர் பற்றி முன்னரே நூல் எழுதியவர். ஹாரிசன் பின்னர் எம்மா க்ரூவுடன் சேர்ந்து 1998இல் எழுதிய ‘ஹூஸ் டெவலப்மென்ட்?’ என்ற நூலில், சாம்பியாவின் லுவாபுலா மாகாணத்தில் அல்காம் செயல்பட்ட விதம் இலங்கையின் மேம்படுத்திய அடுப்புத் திட்டத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கப்படுகிறது.

லுவாபுலா மீனுக்குப் பஞ்சமான நாடன்று. ம்வேரு ஏரி, பங்வேலு சதுப்பு, லுவாபுலா ஆறு மூன்றும் சூழ்ந்த பகுதி. அங்கே ஏன் குட்டை வெட்டுகிறார்கள் என்று கேட்டபோது பல விடைகள் கிடைத்தன. குட்டை உள்ளவர் முன்னேறிய உழவர் என்று பெயர் பெறுகிறார். வெளியிலிருந்து வரும் அதிகாரி முதலில் அவரைத் தேடி வருகிறார். நாளை கடனோ கருவியோ வந்தால் அவருக்கு முதலிடம். நிலத்தின் மீது உரிமையை நிலைநாட்டவும் குட்டை பயன்படுகிறது. தாய்வழி உறவு வலுவாக உள்ள அந்தச் சமூகங்களில், மனைவியின் ஊரில் கணவர் வெட்டிய குட்டை யாருக்குச் சேரும் என்பது எளிய கேள்வியும் அல்ல. மீன் பிடிப்பதிலும் அதிகாரிகள் எதிர்பார்த்த முறை வேறு. ஆறு மாதம் காத்திருந்து, நீரை வடித்து, ஒரே நாளில் அறுவடை செய்து எடைபோட வேண்டும் என்பது விதி. வீடுகள் விருந்தாளி வரும்போதும் கறிக்கு ஒன்றும் இல்லாதபோதும் நாலு மீனைக் கூடையால் கோரி எடுத்துக்கொண்டன. எடைத்தட்டில் ஏறாத அந்த மீன் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

பெண்கள் விஷயத்தில் இடைவெளி இன்னும் ஆழமானது. குட்டை பெரும்பாலும் ஆண் பெயரில் இருந்தது. தவிட்டைச் சுமந்து போட்டது மனைவியும் பிள்ளைகளும். பாலினச் சமத்துவம் பற்றி உணவு வேளாண்மை நிறுவனத்தின் தலைமையகமான ரோமில் எழுதப்பட்ட கொள்கை, ஹராரே வழியாக மாகாணத் தலைநகர் மான்சாவைத் தாண்டிக் கிராமத்துக்கு வந்து சேர்வதற்குள், பெண்களுக்கும் பயிற்சி கொடுப்பது என்ற அளவுக்குச் சுருங்கிப்போனதை ஹாரிசன் காட்டுகிறார். உழைப்பும் பலனும் வீட்டுக்குள் எப்படிப் பங்காகின்றன என்ற கேள்வி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அல்காமின் மீது சொல்லப்பட்ட விமர்சனங்களில் நான் முழுமையாக உடன்படுவது இதனோடுதான். பயிற்சிக்கு வந்த பெண்களின் தலையை எண்ணுவது எளிது என்பதாலேயே அது அளவுகோலாகிவிட்டது.

தன் அனுபவத்தால் அல்காம் மாறவும் செய்தது. ஜிம்பாப்வேயில் மட்டும் சிறு அணைகள் 10,000 அளவில் இருந்தன. புதிதாகக் குழி வெட்டுவதை விட, கால்நடைக்கும் பாசனத்துக்கும் ஏற்கெனவே கட்டிய நீர்நிலைகளில் மீனைப் பேணுவது மேல் என்று திட்டம் கருதத் தொடங்கியது. சிறு நீர்நிலைகளின் பட்டியலைப் பிராந்தியம் முழுவதற்கும் தொகுத்தது. திட்டத்தின் பிற்கால வெளியீடுகள் மீன்வளர்ப்பைத் தாண்டி, நீர்வளத்தை நன்கு பேணுவதன் மூலம் ஊரக வாழ்வை உயர்த்துவது என்று நோக்கத்தை எழுதின.

மலாவி காட்டிய வேறு வழி

அல்காம் தொடங்கிய அதே காலத்தில், மலாவியில் சோம்பா அருகே டொமாசியில் ‘இக்லார்ம்’ என்ற பன்னாட்டு மீன்வள ஆய்வு மையம் வேறு கோணத்தில் தொடங்கியது. ரெக் நோபிள், கிளைவ் லைட்ஃபுட் போன்றவர்கள் உழவரைத் தம் நிலத்தின் படத்தைத் தாமே வரையச் சொன்னார்கள். எந்த வயலின் கழிவு எங்கே போகிறது, எந்தத் தொழுவத்தின் சாணம் எதற்கு உரமாகிறது என்று கோடு கோடாக இழுத்தபின், அந்தப் படத்தில் குட்டைக்கு இடமுண்டா என்று பேசினார்கள். இம்முறையில் மதிப்பிடும் அலகு குட்டையிலிருந்து முழுப் பண்ணைக்கு நகர்ந்தது. 1991-92இல் தென்னாப்பிரிக்கப் பிராந்தியத்தைக் கடும் வறட்சி தாக்கியபோது இதன் பொருள் தெளிவானது. மேட்டு மக்காச்சோளம் கருகிய பண்ணைகளில் குட்டையடியின் ஈரத்தையும் சேற்றையும் நம்பிக் கீரையும் காய்கறியும் விளைந்தன. மீன் கிலோவை மட்டும் எழுதும் படிவத்தில் அந்தக் கீரைக்கு இடமிருந்திருக்காது.

1999 செப்டம்பரில் அக்ராவில் நடந்த ஆப்பிரிக்கப் பிராந்திய மீன்வளர்ப்பு மறுஆய்வுக் கூட்டம் முப்பது ஆண்டு அனுபவத்தைப் பரிசீலித்தது. அப்போது உலக மீன்வளர்ப்பு உற்பத்தியில் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. நடத்த முடியாத அரசு நிலையங்களைக் கைவிடுவது, விரலி உற்பத்தியை உழவரிடமே விடுவது போன்ற கருத்துகள் அங்கு வலுப்பெற்றன.

பத்தாண்டு கழித்து, 2009இல், கென்ய அரசு பொருளாதார ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ் 140 தொகுதிகளில் தொகுதிக்கு 200 வீதம் 28,000 குட்டைகள் வெட்ட முடிவெடுத்தது. ஒவ்வொன்றும் 300 சதுர மீட்டர். வெட்டுகூலி, விரலி, தொடக்கத் தீனி எல்லாம் அரசுச் செலவு. நாட்டின் மீன்வளர்ப்பு உற்பத்தி 2014இல் 24,000 டன்னைத் தொட்டது. மானியம் விலகிய பின் 2016இல் 15,000 டன்னுக்கு இறங்கியது. திட்டத்தின் இலக்கு குட்டைகளின் எண்ணிக்கையாக எழுதப்பட்டிருந்ததால், உற்பத்தி சரிந்த ஆண்டிலும் அந்த இலக்கு எட்டப்பட்டதாகவே கணக்கில் இருந்தது. தீனிக்கு எவ்வளவு செலவிடலாம் என்று அந்த வீடுகள் போட்ட கணக்கு, லுவாபுலாவில் போலவே இங்கும், முன்கூட்டிக் கேட்கப்படவில்லை.