ஒரே நேரத்தில் பல வேலை.. கணினி குழம்பினால் உயிரே போகுமா? 'ஐஸ்' பயிலரங்கம் எதற்கு?

1986, அமெரிக்காவின் டெக்சாஸ். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் 'தெராக்-25' இயந்திரம், 2 நோயாளிகள் மீது அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. இருவருமே உயிரிழந்தனர்.

என்ன நடந்தது?

ஆபரேட்டர் சிகிச்சை முறையைத் தவறாகத் தட்டிவிட்டு, சட்டென்று திருத்தினார். அந்த நேரத்தில் இயந்திரம் தன் காந்தங்களைச் சரிசெய்துகொண்டிருந்தது. அதற்கு சுமார் 8 விநாடி ஆகும். அதற்குள் செய்த திருத்தம் திரையில் தெரிந்தது. ஆனால் இயந்திரம் முழுமைக்கும் போய்ச் சேரவில்லை. மெதுவாகத் தட்டியிருந்தால் கோளாறே வந்திருக்காது.

'ரேஸ் கண்டிஷன்' என்றால்?

கணக்கில் 10,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு ஏடிஎம்மில் இரண்டு பேர் ஒரே நொடியில் அதை எடுக்கப் பார்க்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். முதல் கழிவு பதிவாகும் முன்பே இரண்டாவது மெஷினும் மீதியைப் பார்த்துவிட்டால், இருவருக்கும் பணம் வந்துவிடும். எது முந்துகிறது என்பதைப் பொறுத்து முடிவே மாறும். அதுதான் ரேஸ் கண்டிஷன். இதைத் தடுக்கவே, ஒருவர் எடுத்து முடிக்கும்வரை மென்பொருள் கணக்கைப் பூட்டி வைக்கும்.

டெஸ்ட் செய்தால் போதாதா?

போதாது. ஆயிரம் முறை சரியாக ஓடிவிட்டு, அடுத்த முறை சொதப்பலாம். அதனால்தான் கணித நிரூபணம் தேவைப்படுகிறது. இதற்கு 1980-ல் 'சிசிஎஸ்' என்ற கணித முறையைத் தந்த ராபின் மில்னர், 1991-ல் டூரிங் விருது பெற்றார்.

அந்த வழியில் வந்ததுதான் 'ஐஸ்' பயிலரங்கம். 2008-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் தொடங்கியது. ஒரே நேரத்தில் இயங்கும் மென்பொருள்கள் தங்களுக்குள் பேசும்போது குழம்பாது என்பதை, ஓட்டிப் பார்க்கும் முன்பே எப்படி உறுதிசெய்வது? ஆய்வாளர்கள் இங்கே விவாதிப்பது இதைத்தான்.