டுண்டி சூரிய மின் கூட்டுறவுச் சங்கம்

டுண்டி சூரிய மின் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் என்பது இந்தியாவின் குஜராத் மாநிலத்தில், கேடா மாவட்டத்தைச் சேர்ந்த டுண்டி என்னும் சிற்றூரின் உழவர்கள் அமைத்த கூட்டுறவு அமைப்பு ஆகும். சூரிய ஆற்றலால் இயங்கும் பாசனப் பம்புகளை வைத்திருக்கும் உழவர்கள் இதன் உறுப்பினர்கள் ஆவர். பாசனத்திற்குப் போக எஞ்சும் மின்சாரத்தை இவர்கள் சங்கத்தின் வழியாக மின்பகிர்மான நிறுவனத்திற்கு விற்றனர். 2016 ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கிய இது, இவ்வகையில் உலகின் முதற் கூட்டுறவுச் சங்கமாக அறியப்படுகிறது. இதன் குஜராத்திப் பெயர் டுண்டி சௌர் ஊர்ஜா உத்பாதக் சஹகாரி மண்டலி என்பதாகும்.

பின்னணி

உலகில் நிலத்தடி நீரை மிகுதியாகப் பயன்படுத்தும் நாடு இந்தியா ஆகும். டுண்டி உழவர்கள் முன்னர் டீசல் பம்புகளைக் கொண்டு நீர் இறைத்து வந்தனர். டீசல் செலவு மிகுதி என்பதால் நீர் அளவோடு இறைக்கப்படும். சூரியப் பம்பிற்கோ எரிபொருட் செலவே இல்லை. எனவே வெயில் உள்ளவரை நீரை இறைத்துக்கொண்டே இருக்கலாம். இதனால் நிலத்தடி நீர்மட்டம் விரைந்து தாழக்கூடும். மறுபுறம், பயிருக்கு நீர் தேவைப்படாத நாட்களில் சூரியத் தகடுகள் பயனின்றிக் கிடக்கும்.

இவ்விரு சிக்கல்களுக்கும் ஒரே தீர்வாக, சூரிய மின்சாரத்தையே விற்பனைக்குரிய ஒரு பயிராகக் கருதும் கருத்தை துஷார் ஷா முதலிய ஆய்வாளர்கள் முன்வைத்தனர். கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம், டாட்டா அறக்கட்டளையுடன் இணைந்து ஆனந்த் நகரிலிருந்து நடத்திய ஆய்வுத் திட்டத்தின் கீழ் டுண்டியில் இது சோதிக்கப்பட்டது.

அமைப்பு

முதலில் ஆறு உழவர்கள் உறுப்பினராயினர். அவர்களுடைய தகடுகளின் மொத்தத் திறன் 56.4 கிலோவாட் ஆகும். பின்னர் மேலும் மூவர் இணைந்தனர், திறன் 71.4 கிலோவாட் ஆக உயர்ந்தது. முதல் ஆறு பேர் ஒரு கிலோவாட்டுக்கு 5,000 ரூபாயும், பின்னர் இணைந்தோர் 25,000 ரூபாயும் தம் பங்காகச் செலுத்தினர். எஞ்சிய செலவை ஆய்வுத் திட்டம் ஏற்றது.

உறுப்பினர்களின் பம்புகள் அனைத்தும் ஒரு சிறு மின்வலையால் இணைக்கப்பட்டன. மின்பகிர்மான நிறுவனம் ஒவ்வொரு உழவருடனும் தனித்தனியே கணக்கு வைத்துக்கொள்ளாமல், ஓரிடத்தில் உள்ள மீட்டரைக் கொண்டு சங்கத்திடமிருந்து மின்சாரத்தை வாங்கியது. கிடைத்த தொகையை அவரவர் அளித்த மின்சாரத்திற்கேற்பப் பகிர்ந்தளிப்பது சங்கத்தின் பணி. இம்முறை, 1946 ஆம் ஆண்டு அன்றைய கேடா மாவட்டத்தில் தோன்றிய பால் கூட்டுறவுச் சங்கங்களின் முறையை ஒத்தது.

ஒப்பந்தமும் விலையும்

மத்திய குஜராத் மின்பகிர்மான நிறுவனம் ஓர் அலகுக்கு 4.63 ரூபாய் வீதம் 25 ஆண்டுகளுக்கு மின்சாரத்தை வாங்க ஒப்பந்தம் செய்தது. இதற்கு ஈடாக, மானிய விலை வேளாண் மின் இணைப்பு கோரும் உரிமையை உறுப்பினர்கள் அக்கால அளவிற்கு விட்டுக்கொடுத்தனர். ஆய்வுத் திட்டம் பசுமை ஆற்றலுக்காக 1.25 ரூபாயும், நீர் சேமிப்புக்காக 1.25 ரூபாயும் தொடக்க காலத்தில் கூடுதலாக அளித்தது. ஆக, உழவர்க்குக் கிடைத்த விலை 7.13 ரூபாய் ஆகும்.

நிலத்தடி நீருடன் தொடர்பு

இவ்விலையின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகு தரும் எனக் கொண்டால், 8 கிலோவாட் தகடுகள் 32 அலகு தரும். 7.13 ரூபாய் விலையில் இதன் மதிப்பு ஏறக்குறைய 228 ரூபாய். நாள் முழுதும் பம்பை இயக்கும் உழவர் இத்தொகையை இழக்கிறார். எனவே பயிருக்கு வேண்டிய அளவு மட்டும் இறைத்து, எஞ்சியதை விற்பதே அவருக்கு ஆதாயமாகிறது. தண்ணீருக்கு நேரடியாக விலை வைக்காமலே அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் வழி இதுவாகும்.

குறைபாடுகள்

தகடுகளுக்கான முதலீட்டில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்ததால், இதனை உழவர்கள் முற்றிலும் தம் பணத்தில் உருவாக்கிய அமைப்பு எனக் கூற இயலாது. மேலும், பம்பு இல்லாத சிறு உழவர்கள் அண்டை நிலத்தாரிடம் நீரை விலைக்கு வாங்குவது வழக்கம். மின்சார விலை மிக உயர்ந்தால் பம்பு உடையோர் நீரை விற்க விரும்பாமல் போகலாம். விலை மிகக் குறைந்தாலோ நீர் சேமிப்பு நிகழாது. எனவே விலையைச் சரியாக வகுப்பதே இம்முறையின் வெற்றியைத் தீர்மானிக்கிறது.

பிற திட்டங்கள்

குஜராத் அரசு 2018 ஆம் ஆண்டு சூரியசக்தி கிசான் யோஜனா என்னும் திட்டத்தை அறிவித்தது. இந்திய ஒன்றிய அரசு 2019 ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்த குசும் திட்டத்திலும், மின்வலையுடன் இணைந்த பம்புகளுக்குச் சூரியத் தகடு பொருத்தி மிகுதி மின்சாரத்தை விற்க வகைசெய்யும் பிரிவு ஒன்று உள்ளது.