டானிங் படுக்கையும் இளைஞர்களும்

டானிங் என்பது புற ஊதாக் கதிர்களைத் தோலில் படவிட்டு, வெளிறிய நிறத்தைப் பழுப்பாக்கிக் கொள்வதாகும். வெயிலில் கிடந்தும் இதைச் செய்யலாம். அறைக்குள் விளக்குகள் பொருத்திய படுக்கையில் படுத்தும் செய்யலாம். மேலை நாடுகளில் அந்தப் படுக்கையை நாடுவோரில் இளம்பெண்கள் மிகுதி. புற்றுநோய் அபாயம் தெரிந்தும் ஏன் செல்கிறார்கள் என்பதை அறிய, நூறாண்டு பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் கறுத்த தோல் வயலில் உழைப்பவரின் அடையாளமாக இருந்தது. செல்வர் வீட்டுப் பெண்கள் குடையின்றி வெயிலில் இறங்கமாட்டார்கள். தொழிற்சாலைகள் பெருகியதும் இது தலைகீழாயிற்று. உழைப்பாளி கூரையின்கீழ் வெளிறினார். கடற்கரையில் ஓய்வெடுக்க வசதியுள்ளவர் பழுப்பேறினார். மருத்துவமும் இதற்குத் துணை நின்றது. தோல் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை கண்ட டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் ஆகுஸ்ட் ரோலியே சுவிட்சர்லாந்தின் லெய்சின் மலையூரில் காசநோயாளிகளுக்கு வெயில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். பழுப்பு நிறம் உடல்நலத்தின் சான்றாக மாறியது. 1920களில் ஆடை வடிவமைப்பாளர் கொக்கோ சானெல் பழுப்பேறித் திரும்பியதே இந்த நாகரிகத்தின் தொடக்கம் என்று பலரும் எழுதுவர். அது மிகைக்கூற்று, மருத்துவர்கள் முன்பே வழி திறந்திருந்தனர்.

1970களில் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் வோல்ஃப் யுவிஏ விளக்குப் படுக்கையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அது அமெரிக்காவை அடைந்தது. யுவிஏ கதிர் தோலை எளிதில் சிவக்கவைத்துப் புண்ணாக்குவதில்லை. ஆகவே பாதுகாப்பான பழுப்பு என்று விற்க முடிந்தது. அது தோலுக்குள் ஆழமாக ஊடுருவும் என்பதை விளம்பரங்கள் சொல்லவில்லை.

35 வயதுக்கு முன் இப்படுக்கையைப் பயன்படுத்தத் தொடங்குவோருக்கு மெலனோமா எனும் தோல் புற்றுநோய் அபாயம் 75 விழுக்காடு கூடுகிறது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2006இல் கணித்தது. 2009இல் அது இக்கருவிகளைப் புகையிலை இருக்கும் முதல் பிரிவிலேயே சேர்த்தது.

எச்சரிக்கை போதவில்லை. 2004இல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில், வழக்கமாக டானிங் செய்வோருக்குப் பார்வைக்கு ஒரே மாதிரியான இரு படுக்கைகள் தரப்பட்டன. ஒன்றில் மட்டுமே புற ஊதாக் கதிர் இருந்தது. பிறகு விருப்பம்போல் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஏறக்குறைய எல்லோரும் கதிருள்ள படுக்கைக்கே சென்றனர். கதிர் பட்ட தோலில் எண்டார்ஃபின் சுரப்பதே காரணம் எனக் கருதப்படுகிறது. அழகு ஆசை மட்டுமே காரணமென்றால் இந்தத் தேர்வை விளக்க முடியாது. படுக்கை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் ஒரு காரணம். 2014இல் ஆராயப்பட்ட 125 முன்னணி அமெரிக்கக் கல்லூரிகளில் ஏறத்தாழப் பாதியில், வளாகத்திலோ அருகிலுள்ள மாணவர் குடியிருப்புகளிலோ இவ்வசதி இருந்தது. வார இறுதி விருந்துக்குள் நிறம் வந்துவிடும். நோய் வருவதற்கோ பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும்.

எப்போதும் அவ்வளவு தாமதம் ஆவதில்லை. மெல்பர்னைச் சேர்ந்த கிளேர் ஆலிவர் 2007இல், 26 வயதில், மெலனோமாவால் இறந்தார். இறுதி வாரங்களில் அவர் இப்படுக்கைகளுக்கு எதிராக ஊடகங்களில் பேசியது ஆஸ்திரேலியாவை உலுக்கியது. 2015 தொடக்கத்திற்குள் அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் வணிக டானிங் நிலையங்களைத் தடைசெய்தன. பிரேசில் 2009இலேயே அழகுக்கான பயன்பாட்டை முழுமையாக நிறுத்தியிருந்தது. வோல்ஃபின் ஜெர்மனி அதே ஆண்டில் 18 வயதுக்குட்பட்டோரை மட்டும் தடுத்தது. மற்றவர்களுக்குக் கடைகள் திறந்தே இருக்கின்றன.