பதினொரு வயதுத் தேர்வும் பெண் பிள்ளைகளின் புள்ளியும்



2021-ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டபோது எங்கள் குளுவாங் வட்டாரத்துப் பெற்றோர் பலர் கலங்கினர். “சார், இனி என் பையன் படிக்கிறானா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?” என வினவினார் ஒரு தாயார். அவருக்கு மகளும் உண்டு. மகளைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஆறாம் ஆண்டில் பெண் பிள்ளைகள் முந்துவது நமக்குப் பழகிப்போன காட்சியன்றோ!

இத்தகைய தேர்வின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. 1944-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திற்குப் பின், பதினொரு வயதில் ஒரு தேர்வு வைத்துத் தேறியோரைக் கிராமர் பள்ளிகளுக்கு அனுப்பினர். அங்கும் சிறுமியரே பொதுவாக மிகுதியான புள்ளி பெற்றனர். அதற்குப் பல வட்டாரங்கள் கண்ட தீர்வு விந்தையானது. இரு பாலாரையும் தனித்தனியே வரிசைப்படுத்தி, இடங்களை ஏறத்தாழச் சரிபாதியாக்கினர். விளைவாகச் சிறுமியர்க்குத் தேர்ச்சிப் புள்ளி உயர்ந்தது. சிறுவர் பின்னர் எட்டிப் பிடித்துவிடுவர் என்று காரணமும் கூறினர்! பர்மிங்காமில் சிக்கல் வேறு. பெண்களுக்கான பள்ளிகள் குறைவு. ஆண்களுக்கு 540 இடங்கள், பெண்களுக்கு 360. சம வாய்ப்பு ஆணையம் தொடுத்த வழக்கில், அது பாகுபாடே என்று பிரபுக்கள் சபை 1989-இல் தீர்ப்பளித்தது.

மலாயாவிலும் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு 1964 வரை இருந்தது. தேறாதோர்க்குக் கதவு அடைபட்டது. ஆனால் தோட்டப்புறத்துப் பெண் பிள்ளைகள் பலர் அத்தேர்வு வரைகூட வரவில்லை. பெற்றோர் மரம் வெட்டப் போனதும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! என் தாயார் மூன்றாம் வகுப்போடு நின்றது அப்படித்தான். 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். மீது எனக்குப் பல குறைகள் உண்டு. எனினும் அதில் ஆணுக்கொரு அளவுகோல், பெண்ணுக்கொரு அளவுகோல் இல்லை. திருத்துபவர் பிள்ளையை அறியார்.

ஆயினும் தாளின் வடிவமே ஒரு பக்கம் சாயக்கூடும். பல்விடைத் தெரிவு வினாக்களில் மாணவர்க்கும், எழுதி விடையளிக்கும் வினாக்களில் மாணவியர்க்கும் ஒப்பீட்டளவில் அனுகூலம் இருப்பதை 1990-இல் வெளிவந்த அயர்லாந்து ஆய்வொன்று காட்டியது.

இன்று வகுப்புசார் மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை குறிப்பது நம் கை. பிள்ளையை நன்கறிந்த கை என்பதே இதன் பலம். என் அச்சமும் அதுவே. சென்ற தவணையில், கையெழுத்தின் அழகுக்குப் புள்ளி கொடுத்துவிட்டேனோ என ஐயுற்று, பெயர்களை மறைத்து ஏடுகளை மீண்டும் திருத்தினேன். இருவரின் நிலை மாறிற்று. ஒருவன் ஏறினான், மற்றவனும் மாணவனே, அவன் இறங்கினான்.