1760 டிசம்பர்: புதுச்சேரியின் ஒரு ஆண்டுக் கடைசி

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் ஊர் எங்கள் கையில் இருப்பதில்லை. பெங்களூர், சென்னை எண் போட்ட கார்கள் தெருவுக்குத் தெரு நிற்கும். கடற்கரைச் சாலையில் போலீஸார் தடுப்புக் கட்டை போட்டுவிடுவார்கள். என்னைப் போன்ற பழைய ஆட்கள் 31-ந் தேதி சாயங்காலமே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். ஆனால் கொண்டாட வருகிற பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்று எங்களுக்குத் தெரியும். ஆண்டின் கடைசி வாரத்தில் இந்தக் கடலை நம்பக் கூடாது. 2004-ல் ஆழிப்பேரலை வந்தது டிசம்பர் 26. 2011-ல் தானே புயல் எங்களுக்கும் கடலூருக்கும் நடுவில் கரை ஏறியது டிசம்பர் 30 காலை. அந்தப் புது வருஷத்துக்கு மின்சாரம் இல்லாத வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் பலர் இதைப் படிக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் மூத்த கதை ஒன்று உண்டு. அது 1760-ம் ஆண்டின் கடைசி இரவு அடித்த புயல். புயலைவிட, அதற்கு ஒரு மாதம் முன்னால் ஊருக்குள் நடந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் தேதி விஷயம். அப்போது புதுச்சேரியில் ஒரே வாரத்துக்கு இரண்டு பெயர் இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதி வந்த நாட்குறிப்பில் தமிழ் வருஷம், மாதம், தேதியும் இருக்கும், வெள்ளைக்காரர் தேதியும் இருக்கும். துய்ப்ளெக்ஸ் காலத்தில் தலைமைத் துபாஷியாக இருந்தவர், இரண்டு பக்கக் கணக்கும் அவருக்கு வேண்டியிருந்தது. 1760 டிசம்பர் அவருக்கு விக்கிரம வருஷத்து மார்கழி. வெள்ளைக்காரருக்கு ஆண்டு முடிகிறது, நமக்கு இன்னும் தையும் மாசியும் பங்குனியும் பாக்கி. (சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த எனக்கு மூன்றாவதாக ஒன்று, மார்ச் 31. அன்றைக்கு இரவு பில் பாஸ் ஆகாவிட்டால் அது போன வருஷத்துக் கதை.) அந்தக் காலத்தில் பொங்கல் ஜனவரி 10-ஐ ஒட்டி வரும், இப்போதுபோல 14, 15 அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1758 ஏப்ரலில் பிரான்சிலிருந்து வந்து இறங்கினார் லாலி. கோபக்காரர். இந்தியாவைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்தவர்களையும் மதிக்க மாட்டார். புஸ்ஸியோடும் ஆகாது, கவர்னர் லெய்ரியோடும் ஆகாது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் சென்னைக் கோட்டையை முற்றுகை போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலேயர் உள்ளே, இவர் வெளியே. பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் அயர் கூட்டிடம் தோற்றார். அதன் பிறகு காரைக்கால், வழுதாவூர், சிதம்பரம் என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. செப்டம்பரில் ஊரைச் சுற்றியிருந்த வேலி வரைக்கும் ஆங்கிலேயர் வந்துவிட்டார்கள். வேலி என்றால் சாதாரண வேலி அல்ல. கற்றாழையும் முட்செடிகளும் அடர்த்தியாக வளர்த்து, நடுநடுவே காவல் அரண் கட்டி, ஊர் எல்லையைக் காத்த உயிர்வேலி. இரண்டே வருஷத்தில் நிலைமை தலைகீழ், இப்போது லாலி உள்ளே, கூட் வெளியே.

முற்றுகை என்றால் பீரங்கிதான் நமக்கு நினைவுக்கு வரும். உள்ளே இருப்பவனுக்கு முற்றுகை என்பது அரிசி. கடல் வழியாக ஒரு மூட்டை வர முடியாது, நில வழியாகவும் முடியாது. இருப்பதை எத்தனை வாய்க்குப் பங்கிடுவது? லாலி இந்தக் கணக்கை ஒரே வழியில் தீர்த்தார், வாய்களைக் குறைப்பது. நவம்பர் 27-ந் தேதி வாக்கில் ஊரில் மிச்சம் இருந்த நம் ஜனங்களை, ஐரோப்பியர் வீட்டு வேலைக்காரர்கள் போக, கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆண், பெண், குழந்தை எல்லாம் சேர்ந்து சுமார் 1,400 பேர்.

கார்த்திகை மாதம், மழைக்காலம். இவர்கள் கூட்டமாக ஆங்கிலேயர் காவல் நிற்கிற இடத்துக்குப் போனார்கள். அங்கே வழி விடவில்லை. உள்ளே சாப்பிடுகிற வாய் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் ஊர் விழும் என்பது அவர்கள் கணக்கு. திரும்பிக் கோட்டைப் பக்கம் வந்தால், காலையில் வரை தங்கள் வீடு இருந்த ஊரின் சுவரிலிருந்து துப்பாக்கிச் சூடு. மறுபடி அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். எட்டு நாள். புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றார்கள் என்று அந்தப் போரின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் சொல்கிறார். அவர் ஆங்கிலக் கம்பெனிக்காரர், நமக்குப் பரிந்து எழுத வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. கடைசியில் கூட் வழி விட்டார். விட்டதும் அவர்கள் நன்றி சொல்லிக்கொண்டே போனார்களாம். போவதற்கு ஓர் இடம் இல்லாவிட்டாலும்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். லாலியின் கதையை வகுப்பில் கேட்டிருக்கிறேன். ஊரைப் பறிகொடுத்த குற்றத்துக்காக 1766 மே 9-ல் பாரிஸில் அவருக்குத் தலை வெட்டு. கூட்டத்திடம் எதுவும் பேசிவிடாதபடி வாயைக் கட்டி அழைத்துப் போனார்கள். அது அநியாயம் என்று வோல்தேர் பேனா பிடித்தார், பன்னிரண்டு வருஷம் கழித்து 1778-ல் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. வாத்தியார் இதைச் சொல்லும்போது வகுப்பே அமைதியாக இருக்கும். லாலிக்கு நடந்தது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 1,400 பேரை ஓய்வு பெற்ற பிறகு நானாகப் புத்தகம் தேடிப் படித்தபோதுதான் சந்தித்தேன். அவர்களுக்கு ஒரு வோல்தேர் கிடைக்கவில்லை.

டிசம்பரில் ஆங்கிலேயர் பீரங்கி மேடைகள் கட்டிச் சுட ஆரம்பித்தார்கள். உள்ளே குதிரை, ஒட்டகம், யானை என்று அடித்துச் சாப்பிட்டாயிற்று, நாயையும் விட்டுவைக்கவில்லை. மார்கழி விடியலில் வாசல் தெளிக்கத் தமிழ்த் தெருக்களில் ஏறக்குறைய ஆளே இல்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, உத்தியோகம் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது.

வழக்கமாக அக்டோபர் ஆனதும் ஆங்கிலக் கப்பற்படை இந்தக் கரையில் நிற்காது. வடகிழக்குப் பருவக் காற்றுக்குப் பயந்து திருகோணமலைக்கோ பம்பாய்க்கோ போய்விடும். அந்த வருஷம் தளபதி ஸ்டீவன்ஸ் ஐந்து கப்பலைக் காவலுக்கு நிறுத்திவிட்டுத் திருகோணமலை போனார். டிசம்பர் கடைசியில், இனிப் பயமில்லை என்று மற்றக் கப்பல்களோடு திரும்பி வந்து நங்கூரம் போட்டார். பருவம் முடிந்துவிட்டது என்று நாமும் நினைக்கிற அதே வாரம்.

31-ந் தேதி இரவு காற்று பிடித்துக்கொண்டது. ஸ்டீவன்ஸ் தன் கப்பலின் நங்கூரக் கயிற்றை வெட்டி ஆழ்கடலுக்கு ஓடித் தப்பினார். எல்லாரும் ஓட முடியவில்லை. டியூக் டக்கித்தேன், சண்டர்லாண்ட் என்ற இரண்டு போர்க்கப்பல்களும் ஒரு சரக்குக் கப்பலும் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். நியூகாசில், குயின்பரோ, புரொடெக்டர் மூன்றும் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே தரை தட்டின. கரையில் கூடாரம் ஒன்று மிச்சமில்லை. பீரங்கி மேடைகள் கரைந்தன, வெடிமருந்து நனைந்தது, கடல் நீர் வயல் பக்கம் ஏறிவிட்டது. சிப்பாய்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கிடைத்த இடத்தில் ஒதுங்கினார்கள். முகாமோடு இருந்த நம்மவர்கள், ஆணும் பெண்ணுமாகப் பலர், மழையிலும் குளிரிலும் விறைத்துச் செத்தார்கள்.

1761 ஜனவரி 1 காலை கோட்டைச் சுவரின் மேல் ஏறிப் பார்த்தவர்களுக்குக் கடல் காலியாகத் தெரிந்தது. பதினாறு மாதமல்ல, பதினாறு நாள் சோறு கிடைத்தாலும் போதும் என்றிருந்தவர்களுக்கு அதைவிட நல்ல புது வருஷப் பரிசு ஏது? லாலி உடனே பழவேற்காட்டில் இருந்த பிரெஞ்சுப் பிரதிநிதி ரெமோனுக்குக் கடிதம் எழுதினார். ஆங்கிலக் கப்பல்கள் போயின, எப்படியாவது படகு பிடித்து அரிசி அனுப்பு, காசைப் பார்க்காதே என்பது அதன் சாரம். அன்றே வெளியே பாய்ந்து தாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராணுவம் தெரிந்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். சேற்றில் பீரங்கியை இழுக்க முடியாது, நடக்கவே தெம்பில்லாத சிப்பாய்கள். பேசுவது சுலபம்.

லாலியின் கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. ஒரு வாரத்துக்குள் தப்பிய கப்பல்களும் புதிதாக வந்தவையும் சேர்ந்து கடலை மறுபடி அடைத்தன. அரிசி வரவில்லை. பொங்கல் வந்தது, போயிற்று. 15-ந் தேதி லாலியின் ஆட்கள் சரணடையப் போனார்கள், 16-ந் தேதி காலை வில்லியனூர் வாசல் ஆங்கிலேயர் வசம். ரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு அந்த ஜனவரியோடு நின்றுவிடுகிறது, அவரும் அதே மாதம் இறந்தார்.

பிறகு ஆங்கிலேயர் ஊரை இடித்தார்கள். கோட்டை, மதில், கவர்னர் மாளிகை எல்லாம். 1763 ஒப்பந்தப்படி 1765-ல் பிரெஞ்சுக்காரர் திரும்ப வந்து பொறுப்பேற்றபோது அவர்களுக்குக் கிடைத்தது கல் குவியல். லா தெ லொரிஸ்தோன் பழைய தெருக்களின் கோட்டிலேயே ஊரை மறுபடி எழுப்பினார். தமிழ் ஜனங்களும் திரும்பி வந்தார்கள், தங்கள் தெருவையும் மனையையும் அடையாளம் கண்டு கட்டிக்கொண்டார்கள். இடிப்பில் தப்பிய மிகச் சில கட்டடங்களில் பிள்ளையின் வீடும் ஒன்று. கீழே தமிழ் வீட்டு மரத்தூண், மேலே பிரெஞ்சுத் தூண். ரங்கப்பிள்ளை வீதியில் கடைகளுக்கு நடுவே இப்போதும் நிற்கிறது.