மரத்தைச் சாய்க்குமுன் யாரைக் கேட்பது?

தோட்டத்துத் தமிழில் ‘மரம் வெட்டப் போகிறேன்’ என்றால் மரத்தைச் சாய்ப்பதல்ல, ரப்பர் மரத்தில் பால் எடுப்பது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படி வெட்டித்தான் பிழைத்தார்கள். அந்த மரங்களை உண்மையாகவே சாய்த்தபோது அவர்களுடைய கருத்துக்கு இடமே இருக்கவில்லை.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோன்யே நாட்டிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நட்டார். 1960-களுக்குப் பின் ரப்பர் சாய, செம்பனை பரவியது. செம்பனைக்கு ஆள்பலம் குறைவாகவே தேவை. வெட்டுக்காடு போனது, வேலை போனது. வேலையோடு ஒட்டியிருந்த லயத்து வீடும் நிலையற்றுப் போனது. மேரி, நைகல் கார்ட்னர், மின்யாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது நாடறிந்த கதை.

தோட்டம் நகரமாகும்போது என்ன நடக்கிறது? கோலாலம்பூர் புக்கிட் கியாராவைப் பாருங்கள். அதுவும் ரப்பர்த் தோட்டம்தான். நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின், தொழிலாளர்கள் 1980-களில் தற்காலிக நீண்ட வீடுகளில் குடியேற்றப்பட்டார்கள். அந்தத் ‘தற்காலிகம்’ பல்லாண்டு நீண்டது. அதை ஒட்டிய தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிகள் கட்ட 2017-இல் மேம்பாட்டு அனுமதி தரப்பட்டது. நீண்ட வீட்டாருக்கும் அதில் வீடு உண்டு என்றார்கள். மரங்கள் போகக்கூடாது என்று தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் மக்கள் நீதிமன்றம் சென்றார்கள். வீடு வேண்டும் என்பது நீண்ட வீட்டாரின் குரல். இரண்டுமே நியாயம்தான். அனுமதி செல்லாது என்று 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

‘மரமா, மனிதனா?’ என்று கேட்டுப் பட்டிமன்றம் நடத்துவது எளிது. ஆனால் கேள்வியே தவறு. நீண்ட வீடு இருக்கும் இடத்திலேயே அவர்களுக்கு வீடு கட்டலாம் என்று மரங்களுக்காகப் போராடியவர்களே சொன்னார்களே! கொடுத்த வாக்கைக் காலத்தில் காப்பாற்றியிருந்தால், மரமும் மனிதனும் எதிரெதிரே நின்றிருக்க மாட்டார்கள்.

நம் வட்டாரத்திலும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி வருகின்றன. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, வட்டாரத் திட்ட வரைவைப் பொதுமக்களின் பார்வைக்கு வைத்தாக வேண்டும். ஆட்சேபத்தை எழுத்தில் தரலாம். அந்த நாளில் கோவில் தலைவரும், பள்ளிப் பெற்றோரும், லயத்துப் பெரியவர்களும் நகராண்மைக் கழகத்துக்குப் போய் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். இயந்திரம் வந்து நின்றபின் கூடிப் பேசுவதில் பயனில்லை.